கசியும் சக்கரமும் கொஞ்சம் சரித்திரமும்

போன வருஷம் ஐப்பசி. மழை விட்ட ஒரு சாயங்காலம், மாமாவின் ஜீப்பில் போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகாதவர்களுக்கு: தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி ஏலக்காய் மலைக்கு ஏறுகிற ரோடு. 17 கொண்டை ஊசி வளைவு. போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடிகாலையில் ஜீப் ஏறிப் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்புகிற கூலிப் பெண்கள் நிறையப் பேர். மாமாவுக்குப் பிழைப்பே அந்த டிரிப்தான். அன்றைக்கும் பின்னால் 11 பேர். நான் முன்சீட்டில் ஓசிப் பயணி.

ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, மாமா பிரேக்கை மிதித்ததும் வண்டி சட்டென்று வலது பக்கம் இழுத்தது. நல்லவேளை, எதிரே ஒன்றும் வரவில்லை. மாமா ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்து, கியரைக் குறைத்து, எதுவுமே நடக்காத மாதிரி ஓட்டினார். பின்னால் பெண்களின் பேச்சு மட்டும் நின்று போயிற்று. போடி வந்து சேரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

இதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. இரண்டு வாரம் முன்னாலேயே இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் டயரில் எண்ணெய் வழிந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். "மாமா, வண்டி அழுவுது" என்று கிண்டல் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். "வயசான வண்டி மாப்ள, அழுவத்தான் செய்யும்" என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அபராதமாகத்தான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம். கசிந்தது எது? சக்கரத்தின் நடுவில் ஹப் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே இரண்டு பேரிங், அதைச் சுற்றிக் கிரீஸ். அந்தக் கிரீஸ் உள்ளேயே இருக்க, வெளியே இருக்கிற சேறும் தண்ணியும் வெளியேயே இருக்க, ஹப்பின் பின்வாசலில் ஒரு வளையத்தை அடித்து வைத்திருப்பார்கள். அதுதான் ஆயில் சீல். கடையில் 120 ரூபாய். இந்த வளையத்துக்கு இவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

*

மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹப்புக்கு நம்மிடம் அழகான பேர் இருக்கிறது: குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்பி வட்டையில் போய்ச் சேரும், வட்டைக்கு மேலே இரும்புப் பட்டா. அச்சின் மேல் குடம் சுற்றுகிற இடத்தில் வண்டி மை போடுவார்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை தயார். அதை ஒரு மூங்கில் குழாயில் நிரப்பி வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். வண்டி கிறீச்சிட ஆரம்பித்தால் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, ஒரு தீற்று.

அந்த மை ஒழுகாமல் இருந்ததா? ஒழுகியது, தாராளமாக. சக்கரத்தை உரசிப் போனவர் வேட்டியில் கறுப்புக் கறை. அதோடு சரி. யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. ஏனென்றால் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தப் போடுகிற பிரேக் கட்டை வெளியே, பட்டாவின் மேல் உரசும். மை இருப்பது நடுவில். இரண்டுக்கும் நடுவே இரண்டு முழம் தூரம். சீல் என்று ஒன்று தேவையே படவில்லை. வள்ளுவர் அச்சாணியைப் பாடினார், மசகை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் கசிவு என்பது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை போலிருக்கிறது :-)

மோட்டார் வண்டி வந்த புதிதிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பிரேக் வெளியேதான் இருந்தது. மழையிலும் புழுதியிலும் சரியாகப் பிடிக்காது. 1902இல் பிரான்சின் லூயி ரெனோ, பிரேக் கட்டைகளை ஒரு டிரம்முக்குள் வைத்து உள்ளிருந்து வெளியே விரிகிற மாதிரி பண்ணினார். தண்ணியும் தூசியும் சுலபமாகப் போகாது. அருமையான யோசனை. 1920களில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வைப்பது பரவலானது.

ஆனால் இதில் ஒரு வினை இருக்கிறது. டிரம் உட்கார்ந்திருப்பது ஹப்பின் மேலே. அதாவது, எந்த இடத்தில் எண்ணெய்ப் பசை கட்டாயம் இருக்க வேண்டுமோ, எந்த இடத்தில் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாதோ, இந்த இரண்டும் இரண்டு முழத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்கு நெருங்கிவிட்டன. கசிவு மாட்டு வண்டிக் காலத்திலிருந்தே இருக்கிறது. அது ஆபத்தானது பிரேக் சக்கரத்துக்குள்ளே குடியேறிய பிறகுதான். அந்த இரண்டு அங்குலத்தில் காவலுக்கு நிற்பதுதான் நம்ம 120 ரூபாய் வளையம்.

*

காவல்காரன் முதலில் என்னவாக இருந்தான் தெரியுமா? அமுக்கிச் செய்த கம்பளி. ஃபெல்ட் என்பார்களே, அது. ஒரு பள்ளத்தில் கம்பளி வளையத்தை வைத்து அமுக்கிவிடுவார்கள். கெட்டியான கிரீஸுக்குத் தாங்கும். மெல்லிய எண்ணெய் என்றால் விளக்குத் திரி மாதிரி உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.

அடுத்து வந்தது தோல். சைக்கிள் பம்புக்குள்ளே இருக்கும் தோல் வாஷரை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று ஏறவில்லை என்றால் தேங்காய் எண்ணெய் விட்டு விரித்துவிடுவோமே, அதே தத்துவம். தோல் எண்ணெயைக் குடித்து, வளைந்து கொடுத்து, சுற்றுகிற இரும்பை ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஆயில் சீலின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் தோல் கம்பெனி வாசலில் போய் நிற்கிறோம். அமெரிக்காவில் சிகாகோ ராஹைட் என்கிற கம்பெனி 1878இலிருந்து தோல் பெல்ட் செய்துகொண்டிருந்தது. 1920களின் கடைசியில் இரும்புக் கூட்டுக்குள் தோலை வைத்து ஆயில் சீல் செய்ய ஆரம்பித்தது. ஜெர்மனியில் ஃப்ராய்டன்பெர்க் 1849இல் ஆரம்பித்த தோல் பதனிடும் கம்பெனி. 1929இல் உலகமே பொருளாதாரச் சரிவில் விழுந்தபோது, தோல் வியாபாரம் படுத்துவிட, தோல் சீல் பக்கம் திரும்பியது. வால்டர் சிம்மர் என்கிற எஞ்சினியர் அங்கே உருவாக்கியதுதான் சிம்மரிங். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் எந்தக் கம்பெனி ஆயில் சீலையும் சிம்மரிங் என்றுதான் சொல்கிறார்கள். நாம் ஜெராக்ஸ் என்கிற மாதிரி.

தோலுக்குச் சூடு ஆகாது. வேகம் கூடினால் கருகி விறைத்துவிடும். "அப்ப ரப்பர் போட வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டேன். ஒரு சின்னச் சோதனை பண்ணிப் பாருங்கள். ஒரு ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் ஊதிப்போய், பலமில்லாமல், இழுத்தால் அறுந்து வரும். மரத்திலிருந்து வடிகிற ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஜென்மப் பகை. உலகத்திலேயே நன்றாக வளைகிற பொருள் கையில் இருந்தும், எண்ணெயைத் தடுக்க அதைப் பயன்படுத்த முடியவில்லை.

தீர்வு 1930களில் வேதியியல் கூடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் நியோப்ரீன், ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பர். இரண்டும் எண்ணெய்க்கு அசைந்து கொடுக்காத செயற்கை ரப்பர். சிம்மரிங்கும் 1930களின் நடுவில் தோலிலிருந்து செயற்கை ரப்பருக்கு மாறியது. பிறகு யுத்தம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, மலாயா அதற்கு முன்னாலேயே போய்விட்டது. கொஞ்ச நாளில் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளும் போயின. அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றது. டயருக்குக்கூட ரப்பர் இல்லாமல், செயற்கை ரப்பரைப் பெரிய பெரிய தொழிற்சாலை போட்டுச் செய்ய வேண்டிய நிலைமை அங்கே.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய இந்தியத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அமெரிக்காக்காரன் வேறு ரப்பர் தேடிக்கொண்டான். பால் வெட்டியவர்களுக்கு வேறு வழி எதுவும் வரவில்லை. ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போட அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பலர் திரும்பவே இல்லை. சீலின் சரித்திரம் எழுத உட்கார்ந்தால் இதுவும் கூடவே வந்து நிற்கிறது. தாண்டிப் போக மனசு வரவில்லை.

*

இப்போது ஜீப். 1940இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர டிரைவ் வண்டி கேட்டது. முதல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த 49 நாள்தான் கெடு. பான்டம் என்கிற சின்னக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்கிற எஞ்சினியரை வைத்து வரைந்து, 1940 செப்டம்பர் 23ஆம் தேதி கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. யுத்தம் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப் செய்தன. முதலில் வரைந்த பான்டத்துக்குக் கடைசியில் இழுவை டிரெய்லர் ஆர்டர்தான். பாவம்.

இந்தியாவில் மகிந்திரா கம்பெனி 1949இல் மும்பை மஜ்காவில் வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது. 1945இல் ஆரம்பித்தபோது கம்பெனி பேர் 'மகிந்திரா அண்ட் முகம்மது'. பங்குதாரர் குலாம் முகம்மது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், 1951இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் பெயர் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. 1953இல் வில்லிஸ் கொண்டுவந்த, பானெட் உயர்ந்த சிஜே-3பி மாடல் அமெரிக்காவில் 1968இல் நின்று போனது. நம் ஊரில் அதன் வாரிசுகள் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தன. மாமாவின் ஜீப்பும் அந்த வம்சம்தான். 1980களின் வண்டி, நாலு வீல் டிரைவ்.

நாலு வீல் டிரைவ் என்பதால்தான் சிக்கல். முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இஞ்சின் சக்தி அதற்குப் போகவும் வேண்டும். அதற்காக அச்சின் முனையில் பந்து மாதிரி இரும்புக் கூடு, அதற்குள் ஜாயின்ட். அந்தப் பந்தை வெளியிலிருந்து துடைத்துக்கொண்டே இருக்க ஒரு வளையம், அதில் கம்பளி! ஆமாம், நூறு வருஷப் பழசான அதே ஃபெல்ட். உள்ளே ஹப்பில் செயற்கை ரப்பர் சீல். ஒரே சக்கரத்துக்குள் சீலின் வரலாறு அடுக்கடுக்காக இருக்கிறது. கழற்றுவது ஏறக்குறைய அகழாய்வுதான்.

*

போடிமெட்டில் வண்டி இழுத்த மறுநாளே ரோட்டோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஹப்பைக் கழற்றிப் புதுச் சீல் போட்டார்கள். லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீ வைத்துக் காட்டி, "ஆயில் எல்லாம் எரிஞ்சிருச்சு" என்று திரும்ப மாட்டிவிட்டார்கள். ஒன்பதாவது நாள் டயர் மறுபடி ஈரம். இந்தத் தடவை நான் கிண்டல் பண்ணவில்லை. "மாமா, நாளைக்கு டிரிப் வேண்டாம்" என்றேன். "ஒரு நாள் டிரிப் நின்னா அந்தப் பொம்பளைகளுக்கும் கூலி போச்சு மாப்ள" என்றார். அது நிஜம். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "வண்டி உருண்டா கூலி வருமா?" என்று கேட்டுவிட்டேன். மாமா ஒன்றும் பேசவில்லை. காலையில் தோட்டத்துக்கு வேறு ஜீப்புக்குச் சொல்லிவிட்டு, வண்டியைப் பாய் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்தார். பாய் அந்த ஊரில் ஜீப் வேலையில் நரைத்தவர்.

பாய் முதலில் செய்த காரியம், டயரில் இருந்ததை விரலில் தொட்டு மோந்து பார்த்ததுதான். "தம்பி, நீயும் மோந்து பாரு." கந்தக நாற்றம். "கிரீஸ்னா கெட்டியா இருக்கும். பிரேக் ஆயில்னா தண்ணியாட்டம் இருக்கும், பெயிண்டை உரிச்சிரும். இது கிரவுன் ஆயில். ஹப்புக்குள்ள இருக்க வேண்டியது கிரீஸு. கிரவுன் ஆயிலுக்கு இங்க என்ன ஜோலி?"

அதுதான் கேள்வி. அச்சின் நடுவில் கிரவுன் பெட்டி. அதில் இருக்கிற எண்ணெய் சக்கரம் பக்கம் வராமல் தடுக்க அச்சுக் குழாய்க்குள் இன்னொரு சீல். அது விட்டுவிட்டால் எண்ணெய் பந்துக்குள் இறங்கி, அங்கிருந்து ஹப்புக்குள் போய், கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். முதல் ஒர்க்‌ஷாப்பில் மாற்றியது கடைசிக் கதவை. திருடன் நுழைந்தது முன்கதவு வழியாக.

"முன்கதவு ஏன் போச்சு பாய்?" என்றேன். வண்டிக்கு அடியில் படுத்து, அச்சுக்கு மேலே இருந்த சின்ன மூச்சுக்குழாயைக் காட்டினார். பிரீதர். மலைச் சேறு அப்பி, சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தது. ஓட ஓட எண்ணெய் சூடாகும், உள்ளே காற்று விரியும், வெளியேற வழி இல்லை. அப்புறம் அந்த அழுத்தம் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை விடும். ராத்திரி வண்டியை நிறுத்துகிற இடமும் இடது பக்கம் சரிவு. எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

வேலை ஆரம்பித்தது. ஜாக்கி வைத்து, அச்சுக்குக் கீழே முட்டுக் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். (பழைய வில்லிஸ் வண்டிகளில் இடது பக்கச் சக்கர நட்டு தலைகீழ்த் திருகு. தெரியாமல் மிதித்து ஸ்டட்டை ஒடித்தவர்கள் நிறைய.) முன்னால் இருக்கிற ஃபிளாஞ்சைக் கழற்றினால் உள்ளே இரண்டு பெரிய நட்டு, நடுவே மடக்கிவிட்ட லாக் வாஷர். அதை நிமிர்த்தி, பாக்ஸ் ஸ்பேனர் போட்டுக் கழற்றினால் ஹப்பும் டிரம்மும் சேர்ந்து வந்துவிடும். உள்ளே கிரீஸ் கறுப்புக் கஞ்சியாக இருந்தது. ஒன்பது நாள் முன்னால் வைத்த கிரீஸ்!

பிறகு அச்சையே வெளியே இழுத்து உள் சீலையும் மாற்றினார். ஹப் சீலைப் போடும்போது மூன்று விஷயம் சொன்னார். உதடு பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் வேலையே செய்யாது. உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். காய்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகும். சுத்தியலால் நேராக அடிக்காமல் தட்டையான மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்ட வேண்டும். அதற்கும் முன்னால், உதடு உட்காருகிற இரும்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் கசியும். நல்லவேளை, விழவில்லை.

பேரிங் இரண்டும் கூம்பு உருளை வகை. ஹென்றி டிம்கன் 1898இல் பேட்டன்ட் வாங்கிய அதே வடிவம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டைப் பிடிக்கும் வரை முறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று பின்னால் விட்டார். வில்லிஸ் காலத்துக் கையேட்டிலும் இந்தக் கணக்குதான். பாய் அந்தக் கையேட்டைப் பார்த்ததே இல்லை.

கடைசியாக லைனர். "கழுவுன லைனரு வேண்டாம். உள்ள குடிச்ச எண்ணெய் சூடானதும் திரும்ப வேர்க்கும்" என்றார். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் மறுபடி ஒரு பக்கமாக இழுக்கும், அதனால் இரண்டு முன்சக்கரத்துக்கும் புதுசு. செலவில் பெரிய பங்கு அதுதான். மாமா முகம் சுருங்கியது. ஆனால் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

பிரீதரை ஒரு துண்டுக் கம்பியால் குத்திச் சுத்தம் பண்ணியதற்குப் பாய் காசு வாங்கவில்லை. மொத்தக் கோளாறுக்கும் மூலகாரணம் அதுதான்!

*

அதற்கப்புறம் டயர் காய்ந்தேதான் இருக்கிறது. இப்போதும் ஊருக்குப் போனால் டீ குடிக்கப் போவதற்கு முன் குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். மாமா கிண்டல் பண்ணுவார், "என்ன மாப்ள, அழுவுதா?" என்று. பண்ணட்டும்.

போன மாசம் அந்த டிரிப்பில் வரும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார், "அன்னிக்கி வண்டி இழுத்துச்சே, சரி பண்ணியாச்சாப்பா?" ஒரு வருஷமாக அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு தினமும் அதே ஜீப்பில் ஏறி இறங்கியிருக்கிறார். கூலி வேண்டுமே. "ஆச்சுக்கா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலோ உறவிலோ பழைய ஜீப் இருந்தால், இன்றைக்கே குனிந்து பாருங்கள். டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் தொட்டு மோந்து பாருங்கள்.

கொசுறு: ரப்பர் பேண்ட் சோதனையை வீட்டுச் சமையல் பாத்திரத்தில் பண்ண வேண்டாம். சொந்த அனுபவம். ஹி ஹி.